அந்த ஒரு ஊசிக்கு மட்டும்

ஜூன் 11, புதன்

இல்லை, அம்மா பயப்படவில்லை. மாமாதான் பயந்தார். அம்மாவின் இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் தெளிவாகத் தெரியவில்லை, அதனால் முழுதாக எடுத்து அனுப்பலாம், சாயங்காலமே காப்பி குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னதை மாமா நம்பவில்லை. அம்மா நம்பினாள். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய பருப்புப்பொடிக்குத் துவரையை வறுத்து, ஆறவைத்து, டப்பாவில் மூடிவிட்டுத்தான் நர்சிங் ஹோமுக்குக் கிளம்பினாள். அப்பா போன பிறகு பொடிதான் எங்கள் வீடு. என் ஆய்வு உதவித்தொகை வராத மாதங்களில் பொடி மட்டும்தான்.

மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்தார். இளம்பரிதி என்று பெயர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருக்கலாம். வரிசையாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, பல் ஏதும் ஆடுகிறதா, இதற்கு முன் ஆபரேஷன் நடந்ததா, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொந்தரவு வந்ததா. அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். என்னைப் பெற்றதுகூடச் சுகப்பிரசவம்தான் என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவர் குரல் இறங்கியது. "நீங்க எந்த கம்யூனிட்டிங்க?"

அம்மா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அது எதுக்கு உங்களுக்கு? நாங்க சாதி சொல்றதில்ல."

அவர் முகம் மாறிவிட்டது. "சாரிங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"பாவம்டி, சும்மாதான கேட்டாரு" என்றாள் அம்மா. சும்மா கேட்பதுதான் பிரச்சினை என்றேன். எங்கள் சமூகவியல் துறையில் யாரும் சொல்வதில்லை. ஒரு விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டதற்காக நான்கு மாதம் அலைந்திருக்கிறேன். இன்று ஒரே வாக்கியத்தில் முடிந்தது. மாடிப்படி இறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது.

ஜூன் 12

காலை. உள்ளே கூட்டிப்போனார்கள். வளையல் கழலவில்லை. சோப்பு போட்டுக் கழற்றினேன்.

முடிந்துவிட்டதாம். இன்னும் வெளியே கொண்டுவரவில்லை.

மூச்சு திரும்ப நேரமாகிறது என்றார் நர்ஸ். நேரமாகிறது என்றால் என்ன அர்த்தம் என்று மாமா கேட்டார். நர்ஸ் உள்ளே போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் என்னை மட்டும் விட்டார்கள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வாயில் குழாய். இமைகள் மேல் பிளாஸ்திரி. இளம்பரிதி தலைமாட்டில் நின்று ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சைச் செலுத்திக்கொண்டிருந்தார். அவர் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. "பொண்ணு வந்திருக்கு" என்று நர்ஸ் யாரிடமோ சொன்னார். கால்மாட்டில் நின்றேன். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மாவின் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு மற்ற விரல்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் தானாக மூச்சு விட்டாள்.

ஜூன் 13

வேறு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெரிய மயக்க மருந்து டாக்டரை வரவழைத்திருந்தார்கள். அம்மாவின் கட்டிலருகே மாமாவும் நானும் நின்றோம். இளம்பரிதி கதவோரம்.

பெரிய டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தொண்டையில் குழாய் வைப்பதற்காகத் தசைகளைக் கொஞ்ச நேரம் கட்டிப்போட ஓர் ஊசி உண்டு. ரத்தத்தில் உள்ள ஓர் என்சைம் சில நிமிடங்களில் அதைக் கரைத்துவிடும். தசைகள் விடுபடும், மூச்சு திரும்பும். அம்மாவின் ரத்தத்தில் அந்த என்சைம் ஏறக்குறைய இல்லை. பிறவியிலேயே. தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். நோய் இல்லை. சாப்பிட, நடக்க, பிள்ளை பெற, எதற்கும் அது தேவையில்லை. அந்த ஒரு ஊசிக்கு மட்டும்தான் தேவை.

ஐம்பத்தாறு வயது வரை அம்மா அது இல்லாமல் இருந்திருக்கிறாள்.

"நீங்க ஆரிய வைசியாங்களா?" என்று மாமாவிடம் கேட்டார். மாமா ஆமாங்க என்றார். டாக்டர் தலையசைத்தார். எல்லா ஜனங்களிலும் இது உண்டு, உங்களில் சற்று அதிகம், அதனால்தான் இந்தப் பக்கத்தில் நாங்கள் பெரும்பாலும் கேட்டுவிடுவோம், வைசியா என்றால் அந்த ஊசியைத் தொடமாட்டோம் என்றார்.

மாமா கதவுப் பக்கம் திரும்பினார். ரங்கே கவுடர் வீதியில் தன் கடைக்கு மூட்டை இறக்குகிறவர்களிடம் பேசும் குரல். "தம்பி, நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேங்க" என்றார் இளம்பரிதி.

"இல்ல." கட்டிலிலிருந்து அம்மா. குழாய் உரசிய தொண்டை, காற்று மாதிரி குரல். "கேக்கல."

இளம்பரிதி அம்மாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாமா கத்த ஆரம்பித்தார்.

மருந்துக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. போனேன்.

ஜூன் 16

வீடு. அம்மா நிறையத் தூங்குகிறாள். விளக்கை அணைத்தால் எழுந்துவிடுகிறாள்.

பருப்புப்பொடியை நானே அரைத்தேன். உப்பு தூக்கல். யாரும் திருப்பித் தரவில்லை.

ஜூன் 20

புற்று.

மார்பை எடுக்க வேண்டும். அக்குளில் உள்ள முடிச்சுகளையும் எடுக்க வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் செய்தால் நல்லது என்றார் புற்றுநோய் டாக்டர். நல்ல நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறோம் என்றும் சொன்னார். மாமா அழுதார். நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் வரும்.

ஜூன் 22

அம்மா மாட்டேன் என்கிறாள். முகத்தில் கோபம் இல்லை. இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்றால் வேண்டாம் என்பது போல.

ஜூன் 28

மாமா தினமும் கடையைப் பூட்டிவிட்டு வருகிறார். "அக்கா, சொன்னாக் கேளு. இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரி. அந்தப் பையன் மாதிரி கத்துக்குட்டி இல்ல. அவனை இனிமே கூப்பிடறதில்லைன்னு நர்சிங் ஹோம்ல எங்கிட்ட சொல்லிட்டாங்க" என்றார்.

அம்மா கொத்தமல்லியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று அம்மா பேசினாள். அடுக்களையில், மிளகாய் வறுபடும்போது. மிளகாய் வறுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அதற்காகவே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்று நினைக்கிறேன்.

"எல்லாம் கேட்டுச்சு ஹம்சி. கண்ணு தொறக்க முடியல. விரலு, நாக்கு, ஒண்ணும் என்னுதில்ல. மூச்சு இழுக்கணும்னு நெனைக்கறேன், நெஞ்சு அசையமாட்டேங்குது. சரி, செத்தாச்சு, செத்தா இப்படித்தான் போலருக்கு, எல்லாம் காதுல விழுந்துட்டே இருக்கும் போலருக்குன்னு நெனச்சேன்."

தூங்க மருந்து போட்டிருப்பார்களே என்றேன்.

"போட்டாங்க. கொஞ்சம் தூக்கம் வரும். மறுபடி முழிப்பு வரும். அந்தப் பையன்தான் காதுகிட்ட குனிஞ்சு சொன்னான். 'அம்மா, உங்களுக்குக் கேக்குதான்னு எனக்குத் தெரியல. கேட்டா பயப்படாதீங்க. மருந்து இறங்க நேரமாகும். அதுவரைக்கும் மூச்சு நான் குடுக்கறேன்'னு. சொல்லிட்டே இருந்தான். கை வலிச்சாக்கூட நர்ஸ்கிட்ட குடுக்கல. நடுவுல யாரோ பொண்ணு வந்திருக்குன்னாங்க. நீ பேசுவேன்னு பாத்தேன்."

மிளகாய் கருகியது. அடுப்பைக் குறைத்தேன்.

"அவன் மேல பொய் சொல்லிட்டேன். உன் மாமன் ரங்கு உன்னைய எல்லார் முன்னாலயும் கேப்பான்னு வாய்ல வந்துருச்சு. இப்ப அவனுக்கு அங்க வேலை இல்லயாம். நீ போய் அவன்கிட்ட சொல்லு. ரங்குகிட்டயும் சொல்லு. அப்புறம் எங்க படுக்கச் சொல்றியோ அங்க படுக்கறேன்."

நீயே சொல்லலாமே என்றேன். பொய் சொன்னது நீதானே என்று கேட்கவில்லை. கேட்டது போலத்தான் அம்மா பதில் சொன்னாள்.

"நான் சொன்னதுக்கு நான் சொல்லிக்கறேன். என்னைய சொல்ல விடாம பண்ணதுக்கு நீதான சொல்லணும்."

அம்மாவுக்கு மயக்க மருந்தென்றால் பயம். அந்த நாளுக்குப் பிறகு யாருக்குத்தான் பயம் இருக்காது? பயம் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருப்பதால் இப்படி ஒரு நிபந்தனை வைக்கிறாள். கொஞ்சம் நேரம் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஜூலை 9

மூன்றாம் அத்தியாயம் வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும்.

ஜூலை 14

அந்த என்சைமுக்காக மாமாவுக்கும் எனக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எனக்கும் இல்லை. அம்மாவுக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு. மாமாவுக்குப் பாதி இருக்கிறது.

அப்பா அம்மாவின் தாய்மாமன். எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். பெண் வெளியே போகாது. பெண்ணோடு சேர்ந்து இதுவும் வெளியே போகவில்லை. கண்ணாடி முன் நின்றேன். இருபத்தேழு வருடமாக என்னிடம் இல்லாத ஒன்று. எந்த இடத்தில் இல்லை என்று தெரியவில்லை.

ரத்தத்துக்குக் கொள்கை கிடையாது என்று ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அழகான வரி எழுதுகிற காலமா இது?

இளம்பரிதி அன்றைக்கே காரணம் சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம். சொல்லியிருந்தால் நான் ஏன் அப்படிப் பேசப்போகிறேன்?

ஜூலை 20

நர்சிங் ஹோம் வரை போனேன். இளம்பரிதி இங்கே வருவதில்லை என்றார் வரவேற்பில் இருந்த பெண். அம்மாவிடம் போய், போனேன், ஆள் இல்லை என்றேன். உண்மைதான்.

"எங்க இருக்கான்னு கேட்டியா?"

கேட்கவில்லை.

ஜூலை 27

புற்றுநோய் டாக்டர் மாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கடிந்துகொண்டாராம். மாமா வந்து அம்மாவிடம் கெஞ்சினார். "ஹம்சா ஒரு வேலையா போகணும். அது முடியட்டும்" என்றாள் அம்மா.

மாமா என்னை உற்றுப் பார்த்தார். "என்ன வேலை?"

ஆய்வுக்கட்டுரை என்றேன்.

"ஏம்மா, கட்டுரைய அப்புறம் எழுதக்கூடாதா?"

அம்மா எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. அம்மா எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் செய்தாள். இடது கையைத் தூக்கி மேல்தட்டிலிருந்து டப்பா எடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் 7

நர்சிங் ஹோம் நர்ஸைக் கடைவீதியில் பார்த்தேன். இளம்பரிதி உடுமலையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாராம். எண்ணும் கொடுத்தார். கைபேசியில் பதிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 11

போனில் சொல்கிற விஷயம் இல்லை. நேரில்தான் போக வேண்டும்.

ஆகஸ்ட் 16

அம்மாவைக் குளிப்பாட்டும்போது அக்குளில் கை தட்டுப்பட்டது. கோலிக்குண்டு போல. பக்கத்தில் இன்னொன்று.

"எப்ப இருந்துமா?"

"இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 17

நாளை.

ஆகஸ்ட் 18

உக்கடம் பேருந்து நிலையத்தில் உடுமலை வண்டி இரண்டு போயின. வெயில். திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை என்பது இன்று தோன்றியது. விளக்கியிருக்கிறேன். நன்றாக விளக்குவேன்.

ஆகஸ்ட் 23, சனி

போனேன்.

பொள்ளாச்சி தாண்டியதும் தென்னந்தோப்புகள். பேருந்தில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் நன்றாக இருந்தன. அவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு டீக்கடை. அவர் பச்சை உடையோடு வந்து நின்றார். என்னை அடையாளம் தெரிந்ததும் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நீங்க கேட்டீங்க, நான்தான் சொல்லவிடல, அம்மா எனக்காகப் பொய் சொன்னாங்க என்றேன். அவ்வளவுதான் வந்தது.

டீ ஆறி ஆடை படிந்தது.

"எனக்கு அந்தக் கேள்வி கேக்கவே பிடிக்காதுங்க" என்றார். "சின்ன வயசுலேர்ந்து என்னைக் கேட்டுட்டே இருந்த கேள்வி. இந்த வேலைக்கு வந்தப்புறம் நான் எல்லாரையும் கேக்க வேண்டியிருக்கு. அன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னதும், எனக்கு, எப்படிச் சொல்றது, உங்க மேல மரியாதைதான் வந்துச்சு. கூச்சப்பட்டுட்டு விட்டுட்டேன். காரணம் சொல்லி இன்னொருக்கா கேட்டிருக்கணும். கேக்கலைன்னாலும் வேற மருந்து எடுத்திருக்கணும். அது என் தப்பு."

என் தப்பும் இருக்கிறது என்றேன்.

"இருக்கு" என்றார். மறுக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

பிறகு அம்மாவைப் பற்றிக் கேட்டார். புற்று என்று நர்ஸ் சொல்லியிருந்தாராம். அடுத்த ஆபரேஷன் முடிந்து கீமோ ஆரம்பித்திருப்பார்கள், இல்லையா என்றார். இன்னும் செய்யவில்லை என்றேன். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் இது ஆகஸ்ட் கடைசி என்று எனக்கு உறைத்தது. நாள் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் இதில் தேதி போட்டுத்தான் எழுதுகிறேன்.

ஏன் செய்யவில்லை என்று கேட்டார். பயம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "நான் இங்க வரணும்னு காத்திருந்தாங்க" என்றேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு பெயரும் எண்ணும் எழுதிக்கொடுத்தார். டாக்டர் ஜெசிந்தா. தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், உடனே போங்கள், நானும் பேசிவிடுகிறேன் என்றார். அம்மா எப்படி இருக்கிறார் என்று தெரியப்படுத்தச் சொன்னார். ஒரு முறைக்கு இரு முறை.

வீட்டுக்கு வந்ததும் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அந்தப் பையன்கிட்ட அப்படிப் பேசியிருக்க மாட்டேன்ல" என்றார். அங்கிருந்தே நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தார். குரல் தணிந்திருந்தது.

அம்மா பீரோவைத் திறந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகப் புடவை தேட ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் 27

டாக்டர் ஜெசிந்தா குள்ளமானவர். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுத் தேடுகிறவர். அம்மா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம்தான் பேசினார்.

"அந்த ஊசி உங்களுக்குக் கிடையாது. அதுக்குப் பதிலா வேற ஒண்ணா? அதுவும் வேண்டாம். தசையைக் கட்டற மருந்தே எதுவும் வேண்டாம் உங்களுக்கு. முதுகுல ஊசி போட்டு மார்புப் பக்கம் மரத்துப்போக வைப்பேன். தூங்கறதுக்குத் தனியா மருந்து. தூக்கம் எவ்வளவு ஆழமா இருக்குன்னு நெத்தியில ஒட்டின பட்டை எனக்குக் காட்டிட்டே இருக்கும். மூச்சு நீங்களே விடுவீங்க."

"நடுவுல முழிப்பு வந்தா?"

"கை உங்ககிட்டதான இருக்கு. ஆட்டுங்க. ஆபரேஷன் பண்றவர் என்னைத் திட்டுவார். நான் வாங்கிக்கறேன்."

"ரொம்ப திட்டுவாரா?"

"இருபது வருஷமா திட்டறார். வீட்டுக்காரர்தான்."

அம்மா சிரித்தாள். ஜூனுக்குப் பிறகு முதல் தடவை. டாக்டர் கையை நீட்டி, எங்கே, எப்படி ஆட்டுவீங்கன்னு காட்டுங்க என்றார். அம்மா வலது கையை, ஆட்டோவை நிறுத்துவது போல ஆட்டினாள். போதும், தெரு முனை வரை தெரியும் என்றார் டாக்டர்.

எல்லாப் பரிசோதனைகளும் செய்தார்கள். கல்லீரலில் ஒரு சின்னப் புள்ளி. ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், பிறகு பார்ப்போம் என்றார்கள்.

செப்டம்பர் 9

எல்லாம் சரியாக நடந்தது. தியேட்டர் கதவு திறந்ததும் அம்மா பேசிக்கொண்டே வந்தாள்.

செப்டம்பர் 10

வார்டு முழுவதும் சொல்லிவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் நாளைக்கு ஆபரேஷன் ஆகவிருக்கும் பெண்ணிடம், பயப்படாதே, ஜெசிந்தாம்மா கையைப் பிடித்துக்கொண்டே தூங்கவைப்பார் என்றாள். துப்புரவு செய்ய வந்த பெண்ணிடமும் சொன்னாள். என்னிடம் மூன்று தடவை.

"உங்கப்பா போனதுக்கப்புறம் இப்படி ஒரு தூக்கம் தூங்கினதே இல்ல ஹம்சி. கனவுகூட இல்ல. முழிச்சா முடிஞ்சிருக்கு."

இடது பக்கம் கட்டுக்குக் கீழே தட்டையாக இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தூக்கத்தைப் பற்றித்தான்.

மஞ்சள் அட்டை ஒன்று தந்திருக்கிறார்கள். எந்த ஊசி கூடாது என்று பெரிய எழுத்தில். அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

செப்டம்பர் 18

அக்குளில் எடுத்த முடிச்சுகளில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது.

செப்டம்பர் 29

அம்மாவுக்கு இடுப்பு வலி. "ஜெசிந்தாம்மா ஊசி போட்ட இடம்தான். அவங்ககிட்ட சொல்லிடாதே, வருத்தப்படுவாங்க" என்கிறாள். ஊசி போட்ட இடம் மேல்முதுகு. தொட்டுப் பார்த்தேன். வலி அதற்கு ஒரு சாண் கீழே.

அக்டோபர் 9

முதுகெலும்பில். கல்லீரலில் அந்தப் புள்ளி இப்போது புள்ளி இல்லை.

மாமா வெளியே நின்றார். நான்தான் உள்ளே போனேன். இனி அறுவை சிகிச்சை இல்லை, மருந்து கொடுக்கலாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் புற்றுநோய் டாக்டர்.

ஜூலையில் செய்திருந்தால் என்று கேட்டேன்.

"அப்பவே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதுங்க. அந்தக் கணக்கைப் போடாதீங்க" என்றார்.

நல்ல மனிதர். கணக்கு என்கிறார்.

அக்டோபர் 10

"இனிமே ஆபரேஷன் கிடையாதாமே? ரங்கு சொன்னான்" என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "அப்பாடா. அந்த மட்டும் பெருமாள் விட்டாரு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஆபரேஷன் இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். மீதி என்னுடையது.

அம்மா எல்லாரையும் போனில் கூப்பிட்டுச் சொல்கிறாள். சேலம் சித்தி, திருப்பூர் பெரியம்மா. ஒவ்வொருவரிடமும் அதே சந்தோஷம். இடையில் வலிக்கிறபோது வாயைப் பொத்திக்கொண்டு, வலி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள்.

இன்று சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு நாள் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு நாள் எப்படி வளரும் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 11, சனி

காலையில் அம்மாவைத் தலைக்குக் குளிப்பாட்டி, பின்கட்டில் வெயில் விழும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். முடியைத் துவட்டிக்கொண்டே சொன்னேன். ஆபரேஷன் ஏன் இல்லை என்பதை. எங்கெங்கே போயிருக்கிறது என்பதை. விளக்கவில்லை. சொன்னேன். ஜூலையும் ஆகஸ்டும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும். உக்கடத்தில் இரண்டு வண்டிகளை விட்டதையும்.

அம்மா திரும்பவில்லை. பின்தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் போட்டது. அது அடங்கியது.

"நீ போகமாட்டேன்னு நெனச்சேன்" என்றாள். "போனியே."

தாமதமாகப் போனேன் என்றேன்.

"ம்" என்றாள். இல்லை என்று சொல்லவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "நாம ஆபரேஷனுக்கு இவ்வளவு நாள் காத்திருந்தது அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அப்ப இதை அவன்கிட்ட சொல்லாதே. அவனாலதான்னு நெனச்சுக்குவான். சின்னப் பையன். இன்னும் எத்தனையோ பேருக்கு மூச்சு குடுக்கணும். நல்லா தூங்கி எந்திரிச்சேன்னு மட்டும் சொல்லு. அது நெசந்தான?"

நிஜம்தான் என்றேன்.

அம்மா என் கையிலிருந்த துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. இடது தோள் முழுவதுமாக அசையவில்லை. நான் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். வெயில் நாற்காலியை விட்டுச் சுவருக்குப் போகும் வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

பிறகு அம்மாவை உள்ளே படுக்கவைத்து, வலி மாத்திரை கொடுத்தேன். இளம்பரிதிக்குச் செய்தி எழுதினேன். அம்மா நன்றாகத் தூங்கி எழுந்தார்கள், மூச்சுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள் என்று. அனுப்பினேன். ஈரத் துண்டை எடுத்துப்போய் மாடியில் காயப்போட்டேன்.